திருநெல்வேலிப் பழைய வீடுகளில் குளியலறைச் சீரமைப்பு: இட அமைப்புத் திட்டமிடல்

குளியலறைச் சீரமைப்பு என்பது ஏற்கெனவே உள்ள குளியலறையையோ கழிவறையையோ இடித்து மாற்றுவதையும், அவை இல்லாத பழைய வீட்டுக்குள் புதிதாக ஓர் அறை அமைப்பதையும் குறிக்கும். டைல்ஸ், குழாய், வாஷ்பேசின் முதலியவற்றைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே முடிவு செய்ய வேண்டியது இட அமைப்பு. கதவு எங்கே, கழிப்புப் பீங்கான் எங்கே, குளிக்கும் இடம் எங்கே, தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் ஆகிய நான்கு கேள்விகளுக்கான விடையே இட அமைப்பு ஆகும். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். தவறான இடத்தில் பதித்த கழிவுக் குழாயை மாற்ற வேண்டுமானால் தரை முழுவதையும் உடைக்க வேண்டியிருக்கும்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர்களின் பழைய தெருவீடுகளில் இந்த வேலைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியவை. கழிவறை புறவாசலின் கடைசியில் இருக்கும். ஆறும் அதன் கால்வாய்களும் அருகிலேயே ஓடுகின்றன. இக்கட்டுரை அத்தகைய வீடுகளை மையமாகக் கொண்டு திட்டமிடலின் படிநிலைகளை விளக்குகிறது.

பழைய வீடும் குளிக்கும் வழக்கமும்

திருநெல்வேலிப் பகுதியின் பழைய வீட்டில் தெருவிலிருந்து உள்ளே செல்லச் செல்லத் தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அக்கிரகார வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை என்ற வரிசை இருக்கும். பெயர்கள் வேறானாலும் அமைப்பு ஒன்றுதான். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும். தண்ணீர் புழங்கும் இடங்கள் எல்லாம் பின்பக்கம் இருக்கும்.

குளிப்பதற்கு ஆறு இருந்தது. பாபநாசம் முதல் குறுக்குத்துறை வழியாக முறப்பநாடு வரை கரையெங்கும் படித்துறைகள் உள்ளன. தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றித் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் ஆறு. பெரும்பாலும் ஆண்டு முழுவதும் நீரோட்டம் உடையது. ஆற்றுக்குப் போக இயலாத முதியவர்களும் நோயாளிகளும் கிணற்றடியில் அல்லது அதை ஒட்டிய சிறு மறைப்பில் குளித்தார்கள். அதனால் குளியலறை என்று ஒரு தனி அறையைப் பலரும் வீட்டுக்குள் கட்டவில்லை.

கழிவறை புறவாசலின் கோடிக்குப் போனதற்குத் தூய்மை, தீட்டு பற்றிய எண்ணங்கள் ஒரு காரணம். மற்றொரு காரணம் எடுப்புக் கழிவறை முறை. மனிதக் கழிவை மனிதரே கையால் அள்ளிச் செல்லும் அந்த முறையில், அள்ளுபவர் வீட்டுக்குள் வராமல் பின்பக்கச் சந்து வழியாக வந்து போவதற்கு ஏற்ப அறை அமைக்கப்பட்டது. எடுப்புக் கழிவறை கட்டுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை விரிவாக்கி, உரிய பாதுகாப்பின்றி மனிதரைச் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் இறக்குவதையும் குற்றமாக்கியது. அந்த முறை ஒழிந்த பின்னும் அது தீர்மானித்த இடத்திலேயே இன்றும் பல வீடுகளில் கழிவறை நிற்கிறது. கழிவறை அங்கேதான் இருக்க வேண்டும் என்பதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் வாழும் வளவு வீடுகளில் குளியலறையும் கழிவறையும் பொதுவானவை. அங்கே சீரமைப்பு என்பது ஒரு குடும்பத்தின் முடிவு மட்டும் அன்று. காலை நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கில் இருந்தே அது தொடங்க வேண்டும்.

முதற்படி: யார் பயன்படுத்தப் போகிறார்கள்

அளவெடுக்கும் முன் வீட்டில் உள்ளவர்களைப் பட்டியலிட வேண்டும். இப்பகுதியில் பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்க, வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் பல. இரவில் எழுந்து, இரண்டு மூன்று படி இறங்கி, திறந்த முற்றத்தைக் கடந்து, பாசி பிடித்த கிணற்றடி வழியாகக் கழிவறைக்குச் செல்வது முதியவருக்கு ஆபத்தானது. இடுப்பெலும்பு முறிவு பலரைப் படுக்கையில் தள்ளிவிடும். எனவே பின்வரும் கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும்.

- படுக்கும் இடத்திலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? இடையில் எத்தனை படிகள் உள்ளன?
- தரையில் குந்தி எழ இயலாதவர் யாரேனும் உண்டா? இன்னும் பத்து ஆண்டுகளில் யாருக்கு அந்த நிலை வரும்?
- காலையில் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அறை தேவை?
- நின்று குளிப்பவர்கள் யார், மணைப்பலகையில் அமர்ந்து வாளித் தண்ணீரில் குளிப்பவர்கள் யார்?
- துணி துவைப்பதும் அதே அறையில்தானா?

இரண்டாம் படி: கழிவுநீர் செல்லும் வழி

தண்ணீர்க் குழாயை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அதில் அழுத்தம் இருக்கிறது. கழிவுக் குழாயில் அழுத்தம் இல்லை. சரிவு மட்டுமே கழிவை நகர்த்துகிறது. இட அமைப்பைக் கழிவுக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ள பிளம்பர்கள் சொல்வது இதனால்தான்.

மலக்கழிவு செல்லும் 4 அங்குலக் குழாய்க்கு 60 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்ற அளவில் சரிவு வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. நீள வீடுகளில் இக்கணக்கு முக்கியமானது. நடுக்கட்டில் கழிவறை அமைத்து, செப்டிக் டேங்க் புறவாசலில் 40 அடி தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 40 அடிக்கு இறக்கம் 8 அங்குலம். அறைத் தரைக்கு 12 அங்குலம் கீழே குழாய் தொடங்கினால், தொட்டியை அடையும்போது அது தரைமட்டத்துக்கு 20 அங்குலம் கீழே இருக்கும். புறவாசல் மண்மட்டம் வீட்டுத் தரையைவிட 6 அங்குலம் தாழ்ந்தது என்றால், மண்ணுக்குள் 14 அங்குல ஆழத்தில் குழாய் தொட்டிக்குள் நுழைய வேண்டும். இப்போதுள்ள தொட்டியின் நுழைவாய் அதைவிட மேலே இருந்தால் இத்திட்டம் செல்லாது. அறையின் தரையை உயர்த்த வேண்டும், அல்லது அறையைத் தொட்டிக்கு அருகே நகர்த்த வேண்டும், அல்லது தொட்டியை மாற்ற வேண்டும். நீர்மட்டக் குழாயைக் கொண்டு கொத்தனார் சிறிது நேரத்தில் இதை அளந்துவிடலாம். இதை அளக்காமல் தொடங்கிய வேலைகளே பின்னர் அடைப்பு, துர்நாற்றம் என்று முடிகின்றன.

குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் திறந்து பார்க்கக்கூடிய சிறு தொட்டி தேவை. அது அடுக்களையிலோ படுக்கும் இடத்திலோ வராதபடி குழாயின் பாதையை வரைய வேண்டும். கழிப்புப் பீங்கான், வாஷ்பேசின், குளிக்குமிடம் மூன்றையும் ஒரே சுவரை ஒட்டி அமைத்தால் குழாய் நீளமும் திருப்பங்களும் குறையும். அச்சுவர் வெளிப்புறச் சுவராக இருப்பது நல்லது. பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் குழாய் பதித்தால், ஒரு கசிவே இரு வீட்டாருக்கும் இடையே வழக்காக முடியும்.

கழிவு எங்கே போய்ச் சேருகிறது

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம் ஆகியவை இணைந்து 1994இல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானது. மாநகரின் சில பகுதிகளில் பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு. அப்பகுதிகளில் இணைப்புத் தொட்டியின் இடத்தையும் ஆழத்தையும் மாநகராட்சியில் கேட்டறிந்த பின்னரே அறையின் இடத்தைக் குறிக்க வேண்டும். இணைப்பு இல்லாத இடங்களிலும் சிற்றூர்களிலும் செப்டிக் டேங்க்கே வழி.

செப்டிக் டேங்க் அமைப்பதற்கான இந்தியத் தர நிர்ணய விதியின்படி, 5 பேர் உள்ள வீட்டுக்கு உள்ளளவில் 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம் வேண்டும். இது ஏறத்தாழ 1,125 லிட்டர் கொள்ளும். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் நோய்க்கிருமிகள் இருக்கும். அது உறிஞ்சு குழிக்குச் செல்ல வேண்டும். அக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டரும் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் விலகி இருக்க வேண்டும் என்கிறது விதி. கிணறும் கழிவறையும் ஒரே புறவாசலில் உள்ள ஒடுங்கிய மனைகளில் 18 மீட்டர் கிடைப்பது அரிது. கிடைக்காதபோது அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தக் கூடாது.

வயலும் கால்வாயும் சூழ்ந்த ஊர்களில் மற்றொரு தடை உண்டு. கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறும். அப்போது உறிஞ்சு குழி நீரை உறிஞ்சாது. தொட்டி நிரம்பி வழியும். உடனே பலர் செய்வது தொட்டியின் வெளிக்குழாயைத் தெருச் சாக்கடையில் விடுவது. மாநகருக்குள் ஓடும் நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் ஆகியவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. தெருச் சாக்கடை நீர் இவற்றில் கலந்து வயலுக்கும் ஆற்றுக்கும் செல்கிறது. அதே ஆறுதான் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட மக்களின் குடிநீருக்கு முதன்மையான ஆதாரம். ஆகவே குளியலறையை எங்கே வைப்பது என்ற கேள்வி, கழிவு எங்கே போகும் என்ற கேள்வியோடு சேர்த்தே தீர்க்கப்பட வேண்டும்.

இதற்குச் செய்யக்கூடியவை:

- குளித்த நீரையும் துவைத்த நீரையும் மலக்கழிவோடு சேர்க்காமல் தனிக் குழாயில் தென்னை, வாழை உள்ள இடத்துக்கு விடுதல். இதனால் செப்டிக் டேங்கில் கழிவு தங்கிச் செரிக்கும் நேரம் கூடும்.
- தொட்டியின் மூடி, கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் இடத்தில் இருக்கும்படி அமைத்தல். லாரி நிற்கும் தெருவிலிருந்து மூடிவரை உள்ள தொலைவை முன்பே அளந்துகொள்ள வேண்டும்.
- மூடியின் மேல் டைல்ஸ் பதித்து மறைக்காமல் இருத்தல்.

மூன்றாம் படி: அளவுகள்

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குளியலறைக்குக் குறைந்தது 1.8 சதுர மீட்டரும் (சுமார் 19 சதுர அடி), குளியலறையும் கழிவறையும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டரும் (சுமார் 30 சதுர அடி) தேவை. சேர்ந்த அறையின் அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. அறைக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் பின்வரும் அளவுகளை ஒதுக்கலாம்.

- வெஸ்டர்ன் டாய்லெட்: நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் குறைந்தது 15 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், 18 அங்குலம் வசதியானது. பின்சுவரிலிருந்து முன்விளிம்புவரை ஏறத்தாழ 27 அங்குலம். அதற்கு முன்னால் 21 முதல் 24 அங்குலம் காலியிடம்.
- இந்தியன் டாய்லெட்: 3 அடி அகலமும் 4 அடி நீளமும் உள்ள இடம்.
- வாஷ்பேசின்: அகலம் 18 முதல் 22 அங்குலம், விளிம்பின் உயரம் 32 முதல் 33 அங்குலம்.
- குளிக்கும் இடம்: நின்று குளிக்க 3 அடிக்கு 3 அடி. வாளியும் மணைப்பலகையும் வைத்து அமர்ந்து குளிக்க 3 அடிக்கு 4 அடி. வாளிக்கான குழாய் தரையிலிருந்து 2 முதல் 2½ அடி உயரத்தில்.
- கதவு: 2½ அடி. சக்கர நாற்காலி நுழைய 3 அடி. அது உள்ளே முழுதாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள இடம்.

இந்த எண்களை ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அடி என்ற அளவில் கட்டமிட்ட தாளில் வரையலாம். அதைவிடத் தெளிவான முறை ஒன்று உண்டு. பட்டாசல் தரையில் சாக்பீஸால் அறையை உண்மையான அளவில் வரைந்து, டாய்லெட் வரும் இடத்தில் ஒரு நாற்காலியையும் குளிக்கும் இடத்தில் ஒரு வாளியையும் வைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் உள்ளே நின்று, குனிந்து, திரும்பிப் பார்க்க வேண்டும். தாளில் தெரியாத இடைஞ்சல்கள் அப்போது தெரிந்துவிடும்.

நான்காம் படி: வரிசை

ஈரம் படும் இடத்தையும் படாத இடத்தையும் பிரிப்பதே நல்ல அமைப்பின் அடிப்படை. கதவருகில் வாஷ்பேசின், நடுவில் டாய்லெட், கடைசியில் குளிக்கும் இடம் என்ற வரிசை பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும். குளித்த தண்ணீரை மிதிக்காமல் கழிவறையைப் பயன்படுத்த முடிவதே இதன் பயன். மூன்று மாதிரிகள்:

8 அடிக்கு 5 அடி அறை. கதவு 5 அடிச் சுவரில், ஓர் ஓரமாக. ஒரே நீளச் சுவரில் வாஷ்பேசினுக்கு 2 அடி, டாய்லெட்டுக்கு 3 அடி, குளிக்கும் இடத்துக்கு 3 அடி. டாய்லெட்டின் முன்விளிம்புக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 2 அடி 9 அங்குலம் நடைபாதை கிடைக்கும். குளிக்கும் இடத்தின் தரையை ஓர் அங்குலம் தாழ்த்தினால் நீர் முன்பக்கம் வராது. கடைசிச் சுவரில் ஜன்னல்.

6 அடிக்கு 4 அடி அறை. புறவாசலில் ஏற்கெனவே உள்ள பழைய அறைகள் பல இந்த அளவை ஒட்டியவை. பரப்பு 24 சதுர அடிதான். விதித்தொகுப்பு கூறும் சேர்ந்த அறையைவிடச் சிறியது. பக்கச் சுவரில் டாய்லெட் வைத்தால் முன்னால் 21 அங்குலமே மிஞ்சும். முதியவர் அதைத் தாண்டிக் குளிக்கும் இடத்துக்குச் செல்வது கடினம். ஆகவே டாய்லெட்டைக் கடைசிச் சுவரில் வைத்து, வாஷ்பேசினை வெளியே தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டும். அப்போது கதவுப் பக்கம் 3 அடி 9 அங்குலத்துக்கு 4 அடி இடம் குளிக்கக் கிடைக்கும். அறை முழுவதும் நனையும் என்பது இதன் குறை. முடிந்தால் சுவரை 1½ அடியாவது நகர்த்தி 30 சதுர அடி ஆக்குவதே மேல்.

12 அடிக்கு 4 அடி நீள அறை. புறவாசலுக்குப் போகும் நடைவழியை ஒட்டி இத்தகைய இடம் கிடைப்பதுண்டு. நடுவில் 3 அடிக்கு வாஷ்பேசினும் நுழைவும், ஒரு பக்கம் கழிவறை, மறுபக்கம் குளியலறை என்று மூன்றாகப் பிரிக்கலாம். ஒருவர் குளிக்கும்போது மற்றொருவர் கழிவறையைப் பயன்படுத்தலாம் என்பதால் கூட்டுக் குடும்பத்துக்கும் வளவுக்கும் இதுவே ஏற்றது.

சிறிய கழிவறையின் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். வெளியிலிருந்தும் விடுவிக்கக்கூடிய தாழ்ப்பாள் நல்லது.

முதியவர்களுக்கான அமைப்பு

டாய்லெட் இருக்கையின் உயரம் 18 அங்குலம் அளவில் இருந்தால் முழங்கால் வலி உள்ளவர் எழுவது எளிது. பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி தேவை. டைல்ஸில் மட்டும் திருகிய கம்பி உடல் எடையைத் தாங்காது. செங்கல் சுவருக்குள் ஆழமாகப் பதிய வேண்டும். எனவே கம்பி வரும் இடத்தைச் சுவர் பூச்சுக்கு முன்பே குறித்துவிட வேண்டும். இப்போது கம்பி தேவைப்படாத வீட்டிலும் இடத்தை மட்டும் விட்டுவைக்கலாம். குளிக்கும் இடத்தில் உட்கார ஒரு திட்டு கட்டினால் அது ஒன்றரை அடி உயரம் இருக்கலாம்.

வாசற்படிக்கும் அறைக்கும் இடையே உயர வேறுபாடு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீரை உயர்ந்த படியால் தடுப்பதைவிடத் தரைச் சரிவாலும் கதவருகே ஒரு நீளச் சல்லடை வடிகாலாலும் தடுப்பது பாதுகாப்பானது. தரைக்கு வழுவழுப்பில்லாத, ஓர் அடிக்கு ஓர் அடி அல்லது அதற்கும் சிறிய டைல்ஸ் ஏற்றவை. பெரிய டைல்ஸில் நாணி ட்ராப்பை நோக்கி நான்கு பக்கமும் சரிவு கொடுப்பது கடினம்.

பழைய கட்டடம் தாங்குமா

பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும், சில இடங்களில் மண் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றில் ஆழமாகக் காடி வெட்டிக் குழாய் பதிப்பது சுவரைப் பலவீனப்படுத்தும். குழாய்களைச் சுவருக்கு வெளியே கொண்டுசெல்வதோ, சுவரை ஒட்டி 6 அங்குலக் குட்டைச் சுவர் எழுப்பி அதற்குள் மறைப்பதோ நல்லது.

மாடியில் குளியலறை அமைப்பதற்கு இன்னும் கவனம் வேண்டும். உத்திரமும் மரக்கட்டைகளும் தாங்கும் மட்டப்பாவில், தரையை ஓர் அடி உயர்த்திக் குழாய் புதைத்தால், 40 சதுர அடி அறைக்கு நிரப்பும் செங்கல் ஜல்லியும் கலவையும் மட்டுமே ஏறத்தாழ 2 டன் வரும். சுவர், டைல்ஸ், தண்ணீர் ஆகியவற்றின் எடை தனி. கசிவு ஏற்பட்டால் மரம் உளுத்துப்போவது கீழிருந்து தெரியாது. பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் இதைச் செய்யக் கூடாது. தவிர்க்க முடியாதபோது, கழிவுக் குழாய் தரைக்குள் போகாமல் பின்சுவர் வழியாக நேரே வெளியேறும் பி-ட்ராப் வகை டாய்லெட் உதவும்.

காற்று, வெளிச்சம், மின்சாரம்

இருபக்கமும் சுவர் ஒட்டிய வீட்டின் நடுக்கட்டில் வரும் அறைக்கு ஜன்னல் வைக்க இடம் இராது. முற்றத்தை நோக்கி உயரத்தில் திறப்பு வைப்பது, அல்லது கூரைக்கு மேல் ஒரு புகைபோக்கி போன்ற காற்றுப்போக்கி எழுப்புவது வழி. எக்சாஸ்ட் ஃபேன் முற்றத்துக்குள் காற்றைத் தள்ளினால் நாற்றம் வீட்டுக்குள்ளேயே சுற்றும். கூரைக்கு மேல் தள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் இப்பகுதியில் மேற்குக் காற்று வலுவாக வீசும். புறவாசல் மேற்கே உள்ள வீட்டில் செப்டிக் டேங்கின் வாயுக் குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தாவிட்டால் ஆடி மாதம் முழுவதும் நாற்றம் வீட்டுக்குள் வரும்.

கீசரும் அதன் 16 ஆம்பியர் இணைப்பும் குளிக்கும் இடத்தின் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் கட்டாயம் தேவை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள இடங்களில் கீசரிலும் ஷவரிலும் உப்புப் படியும். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கை நுழையும் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

சிலர் வாஸ்துப்படி ஈசானிய மூலையைத் தவிர்க்க விரும்புவர். ஒடுங்கிய மனையில் இவ்விருப்பமும் குழாய்ச் சரிவும் முரண்படலாம். அம்முரண்பாட்டை வரைபட நிலையிலேயே பேசித் தீர்ப்பது, வேலை பாதியில் நிற்பதைத் தவிர்க்கும்.

வெள்ளத்தை எண்ணித் திட்டமிடல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி சந்திப்பு, கொக்கிரகுளம் உள்ளிட்ட பகுதிகளில் வெள்ளம் புகுந்தது.

வெள்ளம் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. வெளியே நீர்மட்டம் உயரும்போது செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் உள்ள கழிவு, குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறும். வீட்டில் மிகத் தாழ்வாக உள்ள திறப்பில்தான் அது முதலில் வெளிப்படும். பெரும்பாலும் அது குளியலறைத் தரையின் நாணி ட்ராப். ஆற்றை ஒட்டிய தெருக்களில் சீரமைப்பவர்கள் திட்ட நிலையிலேயே சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

- பழைய வெள்ளக் குறியை வீட்டுச் சுவரிலோ அண்டை வீட்டாரிடமோ அறிந்து, குளியலறைத் தரையையும் மின் இணைப்புகளையும் இயன்றவரை அதற்கு மேலே அமைத்தல்.
- வீட்டிலிருந்து வெளியேறும் முதன்மைக் கழிவுக் குழாயில், நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துதல். அதைத் திறந்து துடைக்க ஒரு சிறு தொட்டி விடுதல்.
- செப்டிக் டேங்க் மூடியை இறுக்கமாக அமைத்து, வாயுக் குழாயை உயர்த்துதல்.
- மாடி உள்ள வீட்டில், கட்டடம் தாங்குமானால், மாடியிலும் ஒரு கழிவறை அமைத்தல்.

வேலையின் வரிசை

வரைபடம் முடிவான பின் வேலை பின்வரும் வரிசையில் நடக்க வேண்டும்: பழையதை இடித்தல், கழிவுக் குழாய் பதித்துத் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்தல், தண்ணீர்க் குழாய் பதித்து அழுத்தச் சோதனை செய்தல், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் கசிவு பார்த்தல், அதன் பிறகே டைல்ஸ். குழாய்களை மூடும் முன், சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அவற்றின் தொலைவை எழுதிய ஒரு படத்தையும் சில ஒளிப்படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் அடைப்பு எடுக்கும்போதும் அவை பயன்படும்.

வீட்டில் ஒரே கழிவறைதான் உள்ளது என்றால், புதிய அறை பயன்பாட்டுக்கு வரும்வரை பழையதை இடிக்கக் கூடாது. புறவாசல் கோடியில் உள்ள பழைய கழிவறையை வீட்டுக்குள் மாற்றும் வேலைகளில் இது எளிதில் கைகூடும். உள்ளே கட்டும்வரை பழையது இருக்கும். பின்னர் அதைத் துணி துவைக்கும் இடமாகவோ விறகு அறையாகவோ மாற்றிக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் மண்ணுக்குள் செல்லும் குழாய், தொட்டி வேலைகளை முடித்துவிடுவது இப்பகுதிக்கு ஏற்ற கால அட்டவணை ஆகும்.